ரொட்டியின் அடிப்பக்கம்

என் மனைவி ஒரு பெரிய மளிகைக் கடையின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்த்து, ரசீதோடு ஒத்துப்பார்க்கிறவள். அந்த வேலைக்கு இவளை விட்டால் ஆள் கிடையாது என்று அவளுடைய மேனேஜரே சொல்லியிருக்கிறார். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேலையை வேலை செய்கிற இடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டாமா? நான் பெயின்ட் அடிக்கிறவன். வீட்டுக்கு வந்து யார் முகத்திலாவது பெயின்ட் அடித்திருக்கிறேனா?

இவள் அப்படி இல்லை. நான் உள்ளே நுழைந்ததும் முதலில் கையைப் பார்ப்பாள், அப்புறம் சட்டைப்பையை, போனால் போகிறது என்று கடைசியில் முகத்தை. சீக்கிரம் வந்தால் ஒரு சந்தேகம், தாமதமாக வந்தால் இன்னொரு சந்தேகம். சரியான நேரத்துக்கு வந்துவிட்டால் அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய சந்தேகம். எங்கள் பெண் இதைப் பார்த்தே வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் பென்சில் தொலைந்தால்கூட யாரை விசாரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் எனக்கு வேலை இருக்காது. ஈரச் சுவரில் பெயின்ட் பிடிக்காது, யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். இந்த முறை மழை தொடங்கியதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். காரணம் அவளுடைய இடது கால். நாள் முழுக்க நின்று நின்று, முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள், சத்தம் வராது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கென்று நாங்கள் ஒதுக்கி வைக்கிற பணம் மாதா மாதம் மளிகைச் சாமானிலேயே கரைந்துகொண்டிருந்தது. அதிலும் இந்தக் காலைச் சாப்பாடு. ரொட்டி, வெண்ணெய், தயிர், ஜாம். தின்றுவிட்டு வாயைக் கழுவினால் மறந்துபோகிற சமாச்சாரத்துக்கு எவ்வளவு செலவு!

"இனிமே இதெல்லாம் வெளிய வாங்க வேணாம். வீட்டுலயே செஞ்சுக்கலாம். நான் செய்றேன்" என்றேன்.

"நீங்களா?"

"நான்தான். மழை முடியற வரைக்கும் சும்மாதானே இருக்கேன்."

"எதுக்குத் திடீர்னு?"

"உன் காலுக்குத்தான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன தப்பு பண்ணீங்க?" என்றாள்.

கேட்டீர்களா? காலுக்கு என்று சொன்னவனிடம் கேட்கிற கேள்வியா இது?

தயிரும் வெண்ணெயும் எனக்கு முதல் வாரத்திலேயே வசப்பட்டுவிட்டன. பால் விரல் பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டி பழைய தயிரை விட்டு மூடிவைத்தால் காலையில் கட்டித் தயிர். பாலேட்டைச் சேர்த்து ஒரு மூடிபோட்ட பாட்டிலில் ஊற்றிப் பெண்ணிடம் கொடுத்துவிடுவேன். அவள் குதித்துக் குதித்துக் குலுக்குவாள், வெண்ணெய் திரண்டுவிடும். சந்தையில் கடை கட்டுகிற நேரத்துக்குப் போனால் அடிபட்ட பழங்களைச் சல்லிசாகத் தள்ளிவிடுவார்கள், அவற்றை வெட்டிச் சர்க்கரை போட்டுக் கிளறினால் ஜாம். எல்லாவற்றையும் என் மனைவி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ரொட்டிதான் காலை வாரியது. மாவு பிசைவதில் கோளாறு இல்லை. சுவருக்குப் பட்டி குழைத்துப் பூசிய கைக்கு எந்தப் பதத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியாதா? கோளாறு எங்கள் வீட்டுச் சின்ன ஓவனில். ஒரு பக்கம் கரி, மறு பக்கம் களி. "அப்பா, இத வச்சு கதவ காத்துல சாத்திக்காம நிறுத்தலாம்ப்பா" என்றாள் என் பெண். ஒன்றை நிஜமாகவே அதற்குத்தான் வைத்தோம்.

அப்போதுதான் கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் என்னை மடக்கினாள். "என்ன தம்பி, மேல டயர் எரிக்கிறீங்களா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கீழ்வீட்டு அக்காவுக்கும் என் மனைவிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் ஈரப் போர்வை அவளுடைய காய்ந்த துணிமேல் சொட்டியது, அவள் போர்வையை இழுத்துக் கீழே போட்டாள், இவள் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். நடுவில் நான்தான் இருவரிடமும் பல்லைக் காட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறேன்.

அக்காவிடம் பெரிய ஓவன் இருந்தது. ஒரு காலத்தில் கேக் செய்து விற்றவள். "இங்க கொண்டாந்து வச்சுக்கோ. எனக்கு ஓரத்துல நாலு துண்டு குடு, போதும். ஆனா உன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா நான் பொறுப்பில்ல" என்றாள். தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? 'அவ அடுப்புல வெந்தத என் வாயில போட்டீங்களா' என்று ஆரம்பித்தால் அடுத்த மழை வரை ஓயாது. நான் வாயைத் திறக்கவில்லை.

டின் ஒன்றும் வேண்டியிருந்தது. காலி பெயின்ட் டப்பாக்களை நான் எப்போதும் போடுகிற பழைய இரும்புக் கடையில், நீளமான ரொட்டி டின்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. என் டப்பாக்களைக் கொடுத்துவிட்டு ஒரு டின்னை வாங்கிக்கொண்டேன். நல்ல கனம். உள்ளே அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நட்சத்திரம் அழுந்தியிருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி. டின்னை அக்கா வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

என் மனைவி வேலைக்குக் கிளம்பிப் போனதும் மாவைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவேன். வெந்து ஆறியதும் அங்கேயே துண்டு போட்டு, டப்பாவில் அடுக்கி மேலே கொண்டுவந்துவிடுவேன். முதல் நாள் அவள் ஒரு துண்டைக் கையில் எடுத்து அழுத்தினாள். அமுங்கியது மறுபடி எழும்பியது. அவள் புருவமும் கூடவே எழும்பியது.

"நேத்து வரைக்கும் செங்கல்லு. இன்னைக்குப் பஞ்சு. எப்படி?"

"கை பழகிடுச்சு."

"ஒரே நாள்லயா?"

"சிலருக்கு அப்படித்தான்."

அவள் எழுந்து போய்க் குப்பைக்கூடையைக் கிளறினாள். கடை உறை ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கிறாளாம். மறுநாள் மாவு ஜாடியில் பென்சிலால் ஒரு கோடு. நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். கோட்டுக்குக் கீழே மாவு இறங்கினால் தீர்ந்தது பிரச்சினை என்றுதானே நீங்களும் நினைப்பீர்கள்? "மாவு குறையுது, சரி. அத யாருக்குக் குடுக்குறீங்க?" என்று கேட்டாள். இந்த மூளைக்கு என்ன செய்வது?

அவளுக்கு விடுமுறை வந்த நாளில், "இன்னைக்கு என் முன்னாடி செய்யுங்க, பாக்கலாம்" என்றாள். தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று சொல்லிப் படுத்துவிட்டேன். தைலத்தை எடுத்துவந்து அவளே தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, "எந்தத் தோள்?" என்று இரண்டு தடவை கேட்டாள். நல்லவேளை, இரண்டு தடவையும் ஒரே தோளைச் சொன்னேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் நான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தேன். சாப்பாட்டு மேஜையில் அன்றைய ரொட்டித் துண்டுகள் எல்லாம் இருந்தன. தட்டில் இல்லை, மேஜைமேல். எல்லாவற்றையும் தலைகீழாக, அடிப்பக்கம் மேலே தெரியும்படி, ஒன்றோடு ஒன்று ஒட்டி வரிசையாக அடுக்கியிருந்தாள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கீற்று, இரண்டு கீற்று. எல்லாம் சேர்ந்து நட்டநடுவில் ஒரு முழு நட்சத்திரம்.

"இது என்ன?" என்றாள். குரல் தணிந்திருந்தது. இவள் கத்தினால் எனக்குப் பயமில்லை. தணிந்தால்தான் பயம்.

"நட்சத்திரம்."

"எங்க கடை நட்சத்திரம். எங்க கடைக்குள்ளயே போடுற ரொட்டி. உறை கிடையாது. அதனால பையில இருந்தா திருப்பிப் பாத்து, இந்த நட்சத்திரம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் ரசீதுல தேடுவேன். தினமும் பாக்குறேன். எனக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கடைப்பக்கம் நான் போனதே இல்லை, சாமான் எல்லாம் அவள்தான் வாங்கி வருவாள். அந்த ரொட்டி எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் ஒரு நாளும் வீட்டுக்கு வந்ததில்லை. பழைய இரும்புக் கடை, காலி டப்பா, டின் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"சரி. டின்ன காட்டுங்க."

மாட்டிக்கொண்டேன். டின் கீழே, அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது.

"அது... ஒருத்தர்கிட்ட குடுத்து வச்சிருக்கேன்."

"யார்கிட்ட?"

"ஒருத்தர்."

"ரொட்டி போடுற டின்ன இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டு, ரொட்டிய எதுல போட்டீங்க?"

பதில் இல்லாதவனுக்குக் கோபம்தானே வரும். எனக்கும் வந்தது. "உன் வாசல் வேலைய வீட்டுல வச்சுக்காதன்னு எத்தன தடவ சொல்றது? புருஷன் சொன்னா நம்பணும்" என்று கத்தினேன்.

அவள் துண்டுகளைத் திரும்ப டப்பாவில் அடுக்கினாள். "போன மாசம் பின்வாசல்ல நின்னு வேலக்காரப் பசங்ககிட்ட திருட்டு ரொட்டி வாங்கின ஒருத்தனப் புடிச்சாங்க. மேனேஜர் போலீஸ்ல குடுத்துட்டார். கேஸு நடக்குது" என்றாள். "இனிமே யார் மாட்டினாலும் அதான்னு எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டார். வாசல்ல நிக்கிறவ வீட்டுலயே அந்த ரொட்டி இருந்தா என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். நான் திருடல."

அன்றைக்கு ரொட்டியை அவளும் தொடவில்லை, பெண்ணையும் தொடவிடவில்லை. நானும் வீம்புக்கு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் அக்காவிடம் பேசி, ஏதாவது ஒரு சாக்கு வைத்து டின்னை மேலே கொண்டுவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

காலையில் அவள் வழக்கம்போலக் கிளம்பிப் போனாள். நான் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மாவோடு கீழே இறங்கினேன். அக்கா மாவை டின்னில் போட்டுக்கொண்டே, "என்ன உன் பொண்டாட்டி இன்னைக்கு ரொட்டி டப்பாவத் தூக்கிட்டுப் போறா? கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. கால வேற இழுத்து இழுத்து நடந்தா" என்றாள்.

மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். டப்பா இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மேனேஜரிடம் போய் என்னைக் காட்டிக் கொடுக்கப் போகிறாள். உடம்பெல்லாம் எரிந்தது. கட்டிய புருஷனை, இவளுடைய காலுக்காக மாவில் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு கிடக்கிறவனை, ஒரு துண்டு ரொட்டியை வைத்துப் போலீஸில் மாட்டிவிடப் போகிறாளா? வாழ்ந்த வாழ்க்கைக்கு இதுதான் மரியாதையா?

இறங்கிவந்து அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் எதிர்பார்த்த பரிதாபம் கிடைக்கவில்லை.

"டின் எங்க வீட்டுல இருக்குன்னு ஏன்டா அவகிட்ட சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் சண்ட போடுவீங்கன்னுதான்க்கா."

"எங்க சண்ட துணிக்கு. அதுக்காக ஒருத்தி வேலை போற வரைக்குமா சும்மா இருப்பாங்க? அறிவு இருக்கா உனக்கு?" என்றவள், மாவோடு இருந்த டின்னைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நட, நானும் வரேன்."

கடையின் வாசலில் வேறு ஒருத்தி நின்று பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் எங்கே என்று அவளிடம் கேட்டேன். மேனேஜர் அறை மாடியில். கதவைத் தட்டாமலேயே உள்ளே போனேன். என் மனைவி சீருடையோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் எங்கள் ரொட்டி டப்பா திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"நீங்க ஏன் இங்க வந்தீங்க? போங்க, வீட்டுக்குப் போங்க" என்றாள்.

"நான் எதுக்குப் போகணும்? சார், இவ சொல்றத நம்பாதீங்க. நான் திருடல. சத்தியமா இல்ல."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"இவ வீட்டுக்காரன்."

"நீங்க திருடினீங்கன்னு யார் சொன்னா?"

"இவ சொல்லியிருப்பாளே?"

"அவங்க உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலயே. அவங்கதான் எடுத்தாங்களாம். வேலை முடிஞ்சு போகும்போது பின்வாசல் வழியா எடுத்துட்டுப் போவாங்களாம். வீட்டுல யாருக்கும் தெரியாது, விலைக்கு வாங்கினதுன்னு சொல்லித்தான் குடுத்தேன்னு சொல்றாங்க." அவர் குரலில் எரிச்சலும் இருந்தது, வருத்தமும் இருந்தது. "இத்தன வருஷமா வாசல்ல நிக்கிறவங்க. நானே நம்ப முடியாம உக்காந்திருக்கேன். இப்ப நீங்க வந்து வேற கதை சொல்றீங்க."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை நாற்காலிக்கு அடியில் மறைத்து வைத்திருந்தாள். திட்டத் தயாராக வந்தவன் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அக்காதான் முன்னால் வந்து டின்னை மேஜைமேல் வைத்துத் துணியை விலக்கினாள். மாவு அதற்குள் உப்பி விளிம்பு வரை வந்திருந்தது. "இதுலதான் சார் இவர் ரொட்டி போடுறார். என் வீட்டு ஓவன்லதான் வேகுது. பழைய இரும்புக் கடையில வாங்கின டின்னு. அடியில நட்சத்திரம் இருக்கு, வேணும்னா மாவ வழிச்சிட்டுப் பாருங்க." பிறகு, என் மனைவியின் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள். "எனக்கும் இவளுக்கும் ஆகாது. ஆனா ஒண்ணு சொல்றேன். இவளுக்கு வாய்தான் நீளம். கை நீளம் கிடையாது."

மேனேஜர் ரொட்டிப் பகுதியிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டு விசாரித்தார். பழைய டின்களை எல்லாம் மழைக்கு முன்னாலேயே எடைக்குப் போட்டுவிட்டோம், இது அதில் ஒன்றுதான் என்று அந்த ஆள் சொன்னார். மேனேஜர் கொஞ்ச நேரம் ரொட்டியையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செய்யாதத ஏம்மா செஞ்சேன்னு சொன்னீங்க?"

அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். அவரும் வற்புறுத்தவில்லை. "சரி, இன்னைக்கு வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வழக்கமான நேரத்துக்கு வாசலுக்கு வந்துடுங்க" என்றார். நாங்கள் கிளம்பும்போது ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தார். நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

மாவு புளித்துவிடும் என்று அக்கா டின்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். என் மனைவியால் அந்த வேகத்துக்கு நடக்க முடியவில்லை. பஸ் நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"கீழ்வீட்டுக்காரி ஓவன்லயா?" என்றாள்.

"ஆமா."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீ கத்துவ."

"கத்துவேன்தான். கத்திட்டுப் போயிருப்பேன்" என்றாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நான் கேட்டேன்ல? யார்கிட்டன்னு கேட்டேன். ஒருத்தர்னு சொன்னீங்க" என்றாள்.

சொன்னேன்தான். ஆனால் எனக்கும் ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. "நான் திருடியிருப்பேன்னு நெசமாவே நெனச்சியா?"

"நெனச்சேன்."

"கொஞ்சம்கூட சந்தேகம் வரலையா? இவரு அப்படிச் செய்ய மாட்டாருன்னு?"

"இல்ல. என் காலுக்காக எடுக்குறீங்கன்னு நெனச்சேன்."

"அப்புறம் எதுக்குப் பழிய உன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்ட?"

அவள் குனிந்து கால் முடிச்சுகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, இரண்டு சாமானின் விலையை ஒப்பிட்டுச் சொல்வதுபோலச் சொன்னாள். "நீங்க மாட்டினா உள்ள போகணும். நானே போய் ஒத்துக்கிட்டா, பழகின ஆளு, வேலைய விட்டுத் தூக்குறதோட விட்டுடுவார்னு நெனச்சேன். ஆபரேஷன் அப்புறம் பாத்துக்கலாம்."

இவ்வளவு நேரம் இவளைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன் இல்லையா, அங்கே எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவள் என்னை நம்பவில்லை. நான் திருடன் என்று முழுசாக முடிவு கட்டியிருந்தாள். முடிவு கட்டிய பிறகும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. ரோட்டில் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.